பெண்ணை மணலில் ஒரு பாறை

திருக்கோவிலூரை ஒட்டிய கீழையூரில் பெண்ணையாற்றின் மணலில் இறங்கி நிற்பவர் கண்ணில் முதலில் படுவது நீரன்று, ஒரு பாறை. ஆண்டின் பெரும்பகுதியில் ஆறு இங்கே மணலும் கோரையுமாகக் கிடக்கிறது. பாறை ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. அதன் உச்சியில் ஒரு சிறு கோயில். உள்ளே ஓர் இலிங்கம். ஊரார் இதனைக் கபிலர் குன்று என்பர். குன்று என்று சொல்லத்தக்க உயரம் இதற்கு இல்லை. ஆனால் பெயரில் உயரம் இருக்கிறது.

கள்ளக்குறிச்சிப் பக்கத்து மக்கள் விடுமுறை நாள்களில் தண்ணீர் காண விரும்பினால் மேற்கே போவார்கள். கச்சிராயபாளையத்தை அடுத்த கோமுகி அணை இருக்கிறது. கல்வராயன் மலையின் மேகம் அருவியும் பெரியார் அருவியும் இருக்கின்றன. இன்னும் சற்றுத் தொலைவு போக முடிந்தவர்கள் சாத்தனூர் அணையின் பூங்காவையும் முதலைப் பண்ணையையும் பார்த்து வருவார்கள். வடகிழக்கே திருக்கோவிலூரின் ஆற்றங்கரைக்கு மணலைப் பார்ப்பதற்கென்றே வருவோர் மிகச் சிலர். இங்கே படகு இல்லை, ஊஞ்சல் இல்லை, வரிசையாகக் கடைகள் இல்லை. கோயிலுக்கு வந்தவர்கள் போகிற போக்கில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். முன்பு தென்னார்க்காட்டிலும் 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்த திருக்கோவிலூர், 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அதனுடன் சேர்ந்தது. ஆகவே புதிய மாவட்டத்தின் மிகப் பழைய வரலாறு இந்த மணலில்தான் கிடக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

பெண்ணை கருநாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, தட்சிண பினாகினி என்ற பெயருடன் பெங்களூரின் ஓரமாக இறங்கி, ஓசூர், கிருட்டிணகிரி வழியாக வந்து, சாத்தனூரில் அணையைக் கடந்து, திருக்கோவிலூரைத் தொட்டுக் கடலூரருகே கடலில் கலக்கிறது. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஆற்றின் கரையில் ஊர்கள் பல. அவற்றுள் சங்கப் புலவர்களின் நாவில் மிகுதியாகப் புரண்ட ஊர் கோவல் எனப்பட்ட இந்தத் திருக்கோவிலூரே. இது மலையமான் திருமுடிக்காரியின் ஊர். அவன் நாடு மலாடு எனப்பட்டது. மலையமான் நாடு என்பதன் மரூஉ அது.

அகநானூற்றில் ஒரு பாடல். மகள் தன் காதலனுடன் ஊரைவிட்டுப் போய்விட்டாள். தாய் வீட்டில் இருந்து புலம்புகிறாள். அவள் நினைவில் வருவது மகளின் கூந்தல். அந்தக் கூந்தலின் நெளிவுக்கு உவமை தேடிய புலவர், காரியின் துறையில் பெண்ணைப் பேரியாறு ஒதுக்கிய நுண்ணிய அறல் மணலைச் சொல்கிறார். ஓடும் நீரின் அடியில் அலையலையாகப் படிந்து கருமை காட்டும் மணலே அறல். அதை ஒரு முறையேனும் ஆற்றில் நின்று பார்த்தவருக்கன்றி இந்த உவமை விளங்காது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு புலவர் இந்த ஆற்றில் குனிந்து மணலைப் பார்த்திருக்கிறார் என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு?

இனிப் பாறைக்கு வருவோம். அதற்குப் பறம்பு மலையிலிருந்து தொடங்க வேண்டும்.

பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான் என்பதை நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். அதன்பின் நடந்ததைப் பெரும்பாலும் படிப்பதில்லை. பறம்பு நாட்டின் முந்நூறு ஊர்களையும் பாரி இரவலர்க்கே கொடுத்துவிட்டிருந்தான். மூவேந்தரும் கூடி மலையை முற்றுகையிட்டனர். உழவர் உழாத மூங்கிலரிசியும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் உள்ளவரை மலை விழாது என்று கபிலர் அம்மூவரையும் எள்ளிப் பாடினார். ஆனால் பாரி இறந்தான். பின்வந்த நிலவு நாளில் அவன் மகளிர் பாடியதாக ஒரு சிறு பாட்டு புறநானூற்றில் 112ஆவதாக நிற்கிறது. தமிழில் அழுகை இவ்வளவு குறைந்த சொற்களில் அடங்கியது வேறெங்கும் இல்லை என்பது என் எண்ணம். கபிலரின் மற்றொரு பாட்டு அப்பெண்கள் பின்னர் வாழ்ந்த நிலையைக் காட்டுகிறது. சுரைக்கொடி படர்ந்த சிறு வீடொன்றில் அவர்கள் இருக்கிறார்கள். வீட்டை அடுத்த குப்பை மேட்டில் ஏறி நின்று, வழியே போகும் உப்பு வணிகரின் வண்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஒருகாலத்தில் இதே பெண்கள் தம் தந்தையின் மலையுச்சியில் நின்று, படையெடுத்து வந்த அரசரின் குதிரைகளை எண்ணியவர்கள். கபிலர் இதற்கு மேல் விளக்கம் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை.

நண்பன் விட்டுச் சென்ற பெண்களுக்கு ஒரு வாழ்க்கை அமைத்துத் தருவது தம் கடன் என்று கபிலர் எடுத்துக்கொண்டார். விச்சிக்கோனிடம் போனார், அவன் ஏற்கவில்லை. நாற்பத்தொன்பது தலைமுறை வேளிர் குடியில் வந்த இருங்கோவேளிடம் போனார், அவனும் ஏற்கவில்லை. மூவேந்தரின் பகைக்கு அஞ்சினரோ, ஆதரவற்ற பெண்கள் என்று எண்ணினரோ, பாடல்கள் காரணம் சொல்லவில்லை. புலவரின் கோபம் மட்டும் இருக்கிறது. உன் முன்னோர் ஒருவர் புலவரை இகழ்ந்ததால்தான் உங்கள் அரையம் என்னும் ஊர் பாழாயிற்று என்று இருங்கோவேளின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத் திரும்புகிறார். தம் பாட்டுக்கு யானையும் தேரும் பரிசாகப் பெறத்தக்க புலவர், இரு பெண்களை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று வாயில்வாயிலாக ஏறி இறங்கிய இக்காட்சியை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பறம்பு எனப்படும் பிரான்மலை இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது. அங்கிருந்து கோவலூர் நேர்கோட்டிலேயே 200 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தொலைவு கடந்து ஏன் இங்கே வந்தார்? காரியை அவர் முன்னரே அறிந்திருந்தார், பாடியும் இருந்தார். உன் நாட்டைக் கடலும் கொள்ளாது, பகைவரும் கொள்ளார், அது அந்தணர்க்கு உரியதாயிற்று, உன்னுடையது என்று நீ பெருமை கொள்ளத்தக்கது உன் மனைவியின் தோள் ஒன்றே என்ற பொருளில் அவர் பாடியது இந்தக் காரியைத்தான். கையில் எதையும் வைத்துக்கொள்ளாத ஒருவன் என்பதால் இன்னொரு பாரி என்று எண்ணியிருக்கலாம்.

பின்பு நடந்தது என்ன? இங்கேதான் சான்றுகள் மூன்று வழியாகப் பிரிகின்றன. புறநானூற்று 236ஆம் பாடலின் அடிக்குறிப்பு, கபிலர் பாரி மகளிரைப் பார்ப்பார் வசம் ஒப்படைத்துவிட்டு வடக்கிருந்தார் என்கிறது. வடக்கிருத்தல் என்பது வடதிசை நோக்கி அமர்ந்து உண்ணாது உயிர் விடுதல். கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுப் பாட்டு ஒன்று உள்ளது. அது, பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையர்க்கு அளித்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்கிறது. அவ்வாறு புகுந்த இடமாகப் பெண்ணையாற்றின் இந்தப் பாறையையே காட்டி, அதற்குக் கபிலக்கல் என்று பெயரும் சொல்கிறது. மூன்றாவது, பிற்காலத்துக் கதை. அதில் கபிலரின் இடத்தில் ஔவையார் வந்துவிடுகிறார். பெண்களுக்கு அங்கவை, சங்கவை என்று பெயர் வந்துவிடுகிறது. மலையமான் குடியைச் சேர்ந்த தெய்வீகனுக்கு அவர்கள் மணம் முடிக்கப்படுகிறார்கள். விருந்துக்கு மூவேந்தரும் வருகிறார்கள். பகைவரே பந்தலுக்கு வந்து வாழ்த்துவதாகக் கதை முடிவது கேட்பவருக்கு நிறைவைத் தருகிறது. சங்கப் பாடல்களில் அப்பெண்களுக்குப் பெயரே இல்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். பெயர் பிறகு வந்ததாயினும் அது மக்கள் அன்பால் இட்ட பெயர். 2007இல் வந்த ஒரு பெரிய திரைப்படம் அப்பெயர்களைக் கேலிச் சிரிப்புக்குப் பயன்படுத்தியபோது தமிழறிந்தோர் வருந்தியது இதனாலேயே.

பட்டினியா, தீயா? என்னளவில் நான் பட்டினியின் பக்கமே நிற்பேன். பாடலின் அடிக்குறிப்பு காலத்தால் முந்தைய மரபு. மேலும், ஆற்றுக்கு நடுவே அமர்ந்து வடக்கிருத்தல் அக்காலத்தில் அறியாததன்று. கோப்பெருஞ்சோழன் உறையூரை விட்டு வந்து வடக்கிருந்த இடமும் ஆற்றிடைத் திட்டு ஒன்றின் மர நிழல்தான் என்று புறநானூறு சொல்கிறது. நாற்புறமும் நீர் சூழ்ந்த இடம், ஊரின் ஓசை எட்டாத இடம், ஆனால் ஊரார் கண்ணில் படும் இடம். பெண்ணைப் பாறை இவை மூன்றுக்கும் பொருந்துகிறது.

அப்படியானால் கல்வெட்டில் தீ எங்கிருந்து வந்தது? அக்கல்வெட்டை முழுதும் நோக்கினால் ஒன்று புலப்படும். அதே பாட்டு இராசராசனின் தாய் வானவன் மாதேவியையும் பேசுகிறது. அவர் மலையமான் குடியில் பிறந்தவர். கணவர் சுந்தர சோழர் இறந்தபோது, பால் மறவாத பிள்ளையைப் பிரிந்து அவருடன் தீயில் புகுந்தார் என்று அதில் உள்ளது. ஒரே கல்வெட்டில் இரு தீ. அரசகுலப் பெண்ணின் தீப்புகலைப் போற்றிய காலத்துக்குப் புலவரின் மெல்லிய பட்டினி மரணம் போதாமல் போயிருக்கலாம். இது என் ஊகமே. அந்தப் பிள்ளையை எண்ணும்போது, அந்தத் தீயைப் போற்ற எனக்கு மனம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் இந்த வேறுபாட்டைவிடப் பெரிய செய்தி ஒன்று அக்கல்வெட்டில் இருக்கிறது. கபிலர் காலத்துக்கும் 985 முதல் 1014 வரை ஆண்ட இராசராசன் காலத்துக்கும் இடையே ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள். களப்பிரர் வந்தனர், பல்லவர் வந்தனர், இராட்டிரகூடர் வந்து போயினர். இந்தப் பாறையில் எழுத்து எதுவும் வெட்டி வைக்கப்படவில்லை. இருந்தும் கீழையூரில் கல்வெட்டுப் பாட்டை இயற்றியவருக்கு, ஆற்றிலுள்ள கல் கபிலக்கல் என்று தெரிந்திருந்தது. யார் சொல்லித் தெரிந்தது? கரையில் துணி துவைத்தவர்களும் மாடு குளிப்பாட்டியவர்களும் ஓடம் விட்டவர்களும் தந்தையிடமிருந்து பிள்ளைக்குச் சொல்லி வைத்திருக்க வேண்டும். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

இந்த ஆறு பேச்சை மட்டும் காத்து வைக்கவில்லை. சங்க காலத்து மலையமான் காசுகள் திருக்கோவிலூர்ப் பக்கத்து ஆற்று மணலிலிருந்து கிடைத்துள்ளன. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைத் தொகுத்து ஆய்ந்து வெளியிட்டார். செப்புக் காசின் மேல் குதிரை நிற்கிறது. காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர் என்று இலக்கியம் சொல்வதை இங்கே நினைக்கத் தோன்றும். இலக்கியத்தில் மட்டுமே வாழ்ந்தவன் என்று ஐயுறப்பட்ட சிற்றரசன் ஒருவனின் குடி, மணலைச் சலித்தவரின் சல்லடையில் வந்து விழுந்தது.

இன்னொன்று 1981இல் நடந்தது. திருக்கோவிலூருக்கு மேற்கே, இதே பெண்ணையின் பக்கத்து ஊரான சம்பையில், பாறைக் குகையொன்றில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரே வரிக் கல்வெட்டைத் தொல்லியல் துறையினர் கண்டனர். சத்தியபுத்திரனாகிய அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாழி என்பது அதன் பொருள். பாழி என்றால் துறவியர் தங்கும் குகை. அசோகரின் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சேர்த்துச் சொல்லப்பட்ட சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர் பல்லாண்டு வழக்காடி வந்தனர். சம்பையின் ஒற்றை வரி அவ்வழக்கை முடித்து வைத்தது. தகடூர் அதியமானுக்கு மலையமானின் நாட்டில் என்ன வேலை என்ற கேள்விக்கும் விடை உண்டு: அவன் கோவலூரை வென்றான் என்று ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். புலவர் சொன்னதைப் பாறை வழிமொழிந்தது. வென்ற ஊரின் பக்கத்தில் வெற்றித் தூண் நாட்டாமல், துறவியர் படுக்க ஓர் இடம் கொடுத்திருக்கிறான் அந்த வேந்தன்.

தங்க இடம் என்ற பேச்சு வந்தால் திருக்கோவிலூருக்குச் சொல்ல இன்னும் இருக்கிறது. மழை இரவில் ஓர் இடைகழியில் ஒருவர் படுக்க, இருவர் இருக்க, மூவர் நிற்க இடம் கண்ட முதலாழ்வார் மூவரின் கதை இவ்வூரது. அடியார் வேடத்தில் வந்து தம்மைக் குத்திய பகைவனை ஊர் எல்லை வரை பத்திரமாகக் கொண்டுபோய் விடும்படி காவலன் தத்தனுக்குக் கட்டளையிட்டு இறந்த மெய்ப்பொருள் நாயனாரின் ஊரும் இதுவே. முன்னதை வைணவரும் பின்னதைச் சைவரும் அறிவர். எதிரே வடகரையில் பாறை மேல் அமைந்த அறையணிநல்லூர் சம்பந்தர் பாடிய தலம். இன்று மக்கள் வழக்கில் அரகண்டநல்லூர்.

அந்தக் கரையில் 1896 ஆகஸ்ட் மாத இறுதியில் ஒரு சிறுவன் வந்து நின்றான். மதுரையில் வீட்டாரிடம் சொல்லாமல் புறப்பட்டவன். வயது பதினாறு. திருவண்ணாமலைக்குப் போக வேண்டும். கையிலிருந்த காசு மாம்பழப்பட்டு வரைதான் இரயிலுக்குப் போதுமானதாயிற்று. அங்கிருந்து நடந்து அறையணிநல்லூர்க் கோயிலுக்கு வந்தான். அங்கே ஒரு பேரொளியைக் கண்டதாகப் பின்னாளில் சொன்னார். கோயில் நடை சாத்தும் நேரம். பசிக்கு உணவு கேட்டான், கிடைக்கவில்லை. ஆற்றைக் கடந்து கீழையூர் வீரட்டானத்துக்கு வந்தான். அங்கும் முதலில் இல்லை என்றார்கள். கோயிலில் மேளம் வாசிப்பவர், தமக்குரிய பங்குச் சோற்றைக் கொடுக்கச் சொன்னார். மறுநாள் கோகுலாட்டமி. முத்துக்கிருட்டிண பாகவதர் என்பவர் வீட்டில் வயிறார உண்டான். காதிலிருந்த கடுக்கன்களை அவரிடம் அடகு வைத்து நான்கு ரூபாய் பெற்றான். அடகுச் சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டு இரயிலேறினான். செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலை சேர்ந்தான். பிற்காலத்தில் உலகம் அவரை இரமண மகரிசி என்று அறிந்தது. இரு பெரிய கோயில்களுக்கு இடையே பசியோடு அச்சிறுவன் கடந்தது இந்த மணலைத்தான். எனக்கு அந்த மேளக்காரரின் மேல்தான் மதிப்பு கூடுதல்.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின் நம் திருச்சபையைச் சேர்ந்த ஒருவரும் இந்த ஆற்றங்கரைக்கு வந்தார். பிரான்சு நாட்டில் பிரித்தானி மாநிலத்தில் 1910இல் பிறந்த ஆன்றி லெ சோ என்னும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி, 1948இல் இந்தியா வந்து, சூல் மொன்சானின் அடிகளாருடன் சேர்ந்து 1950இல் குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவியவர். சாந்திவனம் என்றால் நம்மில் பலருக்குத் தெரியும். அபிசித்தானந்தர் என்பது அவர் மேற்கொண்ட பெயர். 1955 டிசம்பரில் அவர் திருக்கோவிலூரை அடுத்த தபோவனத்தில் ஞானானந்தகிரி சுவாமிகளைக் கண்டார். அடுத்த ஆண்டு பெப்ரவரி, மார்ச்சு மாதங்களில் மீண்டும் வந்து சில வாரங்கள் தங்கினார். அந்நாள்களைப் பற்றிப் பின்னர் பிரெஞ்சு மொழியில் எழுதிய நூல் 1970இல் வெளிவந்தது. அந்நூலில் தம்மைப் பற்றி அவர் வேறொரு பெயரால், வேறொருவரைப் பற்றிச் சொல்வதுபோல எழுதியிருக்கிறார்.

ஒரு கத்தோலிக்கக் குரு இந்து ஞானி ஒருவரைத் தம் குருவாக உணர்ந்ததை எளிதாக ஏற்றவரும் உண்டு. நெற்றியைச் சுருக்கியவரும் உண்டு. அவர் உள்ளத்திலும் அது எளிதாக இருக்கவில்லை என்பதை அவருடைய நாட்குறிப்புகள் காட்டுகின்றன. அவர் குருவாகவே வாழ்ந்து, 1973 டிசம்பர் 7ஆம் நாள் இந்தூரில் இறந்தார். அடுத்த மாதம், 1974 ஜனவரியில், ஞானானந்தகிரியும் மறைந்தார். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது வரலாற்றுக் கட்டுரைக்குரிய வேலையன்று. பெண்ணைக் கரையில் வந்து தங்கிய வெளியூரார் பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறது என்பதே இங்கே வேண்டுவது. முகையூரிலும் எறையூரிலும் உள்ள நம் மக்களில் எத்தனை பேர் இதை அறிவர் என்று கேட்டுப் பார்க்கலாம்.

இத்தனையையும் தாங்கி நின்ற ஆறு இன்று எந்த நிலையில் இருக்கிறது? 1958இல் சாத்தனூர் அணை முடிந்தபின் கீழ்ப்பகுதியில் நீர் வருவது திறப்பைப் பொறுத்ததாயிற்று. அணையைக் குறை சொல்வதற்கில்லை. அதனால் விளைந்த வயல்கள் பல. ஆனால் வெள்ளம் கொண்டுவரும் மணலில் பெரும் பங்கு அணைக்குள்ளேயே தங்கிவிடும். கீழே இருப்பதை அள்ளிவிட்டால் புதிதாக வந்து சேர்வது சிறிதே. ஆற்று மணல் வெறும் கட்டடப் பொருளன்று. மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் கரைக் கிணறுகளுக்குக் கசியவிடும் பெரிய தொட்டி அது. முன்பெல்லாம் சித்திரை வெயிலிலும் ஆற்றில் கையால் ஓர் ஊற்றுத் தோண்டிக் குடத்தை நிரப்பிக்கொண்டு போவார்கள். மணலை ஆழமாக அள்ளிய இடங்களில் களிமண் மேலே வந்துவிடுகிறது; ஊற்று வராது; கோரையும் சீமைக் கருவேலும் வேரூன்றிவிடும். பின்பு அது ஆறு என்பதையே கண் நம்ப மறுக்கும். அகநானூற்றுத் தாய்க்கு மகளின் கூந்தலை நினைவூட்டிய அறல் மணலைக் காண, இன்று நல்ல இடமாகத் தேடித்தான் போக வேண்டும்.

மணல் குறைந்த ஆறு வெள்ளத்தையும் முன்போல் தாங்குவதில்லை. 2024 டிசம்பர் முதல் நாள்களில், பெஞ்சல் புயலின் பெருமழையால் சாத்தனூரிலிருந்து நொடிக்கு 1.68 இலட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. பெண்ணையின் இரு கரை ஊர்களும் நள்ளிரவில் நீரில் மூழ்கின. திருக்கோவிலூருக்கு மேலே, திருவண்ணாமலை மாவட்டத்தின் அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைத்துப் பதினாறு கோடி ரூபாய் அளவில் கட்டித் திறந்து மூன்று மாதங்களே ஆன பாலம் உடைந்து போயிற்று. கபிலக்கல் நின்ற இடத்தில் நிற்கிறது.

ஆண்டில் ஒரு நாள் மட்டும் இந்த மணல் தன் பழைய மக்களைத் திரும்பப் பெறுகிறது. தை மாதம் 5ஆம் நாள் ஆற்றுத் திருவிழா. சுற்றுப்புற ஊர்களின் தெய்வங்கள் அன்று தீர்த்தவாரிக்குப் பெண்ணைக்கு வருகின்றன. மணலூர்ப்பேட்டைக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரே வருவார். மணலால் பெயர் பெற்ற ஊர் அது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கரும்பும் கிழங்கும் பலூனும் விற்பவர்கள் மணலில் கடை பரப்புவார்கள். பிள்ளைகள் பள்ளம் தோண்டி ஊற்று வருகிறதா என்று பார்ப்பார்கள். எந்தச் சமயத்தாராயினும் அன்று ஆற்றுக்குப் போவதைக் கரையோர மக்கள் ஒரு வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் கரும்புச் சக்கை மட்டும் கிடக்கும். ஆறு பழையபடி அமைதியாகிவிடும்.

கபிலர் குன்றைப் பார்க்க விரும்புவோர் அந்த அமைதியான நாள்களில் வருவது நல்லது. மாசி, பங்குனியில் வெள்ளம் வடிந்து மணல் தெளிந்திருக்கும். வெயிலும் காலை ஒன்பது மணி வரை பொறுக்கத்தக்கதாக இருக்கும். நேரே ஆற்றுக்குப் போகாமல் முதலில் கீழையூர்க் கோயிலுக்குள் போக வேண்டும். கபிலக்கல் என்ற சொல் வெட்டப்பட்ட கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. எழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும், அது இருக்கும் இடத்தைக் கேட்டு, ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டு, பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கலாம்.